டைகர் தந்த றோட்டுகள்: ஒரு திறந்த வரைபடத்தின் இறக்குமதி வரலாறு

ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் அமெரிக்காவின் கிராமப்புறக் கவுண்டி ஒன்றைத் திறந்து பாருங்கோ. நேராக ஒரு றோட்டு போகும். 'குடியிருப்பு வீதி' என்று குறித்திருக்கும். அதே இடத்தைச் செய்மதிப் படத்தில் பார்த்தால் வீடும் இல்லை, குடியிருப்பும் இல்லை. காட்டுக்குள் போகும் ஒரு வண்டித்தடம் இருக்கும், சிலவேளை அதுவும் இருக்காது. அந்தக் கோட்டைக் கிளிக் பண்ணினால் 'டைகர் ரிவ்யூட் = நோ' என்று ஒரு குறிப்பு வரும். இந்தக் கோட்டை இன்னும் ஒரு மனிதர் சரிபார்க்கவில்லை என்பதுதான் அதன் அர்த்தம்.

அந்தக் கோடு 2007இலோ 2008இலோ ஒரு நிரல் மூலம் போடப்பட்டது. அப்படிப் போடப்பட்டு இன்றுவரை ஒருவரும் தொடாத கோடுகள் இன்னும் நிறைய இருக்கின்றன. அவை எப்படி அங்கே வந்தன, அதற்குப் பிறகு அந்தச் சமூகம் என்ன பாடம் படித்தது என்பதுதான் இந்தக் கட்டுரை. தூரத்து நாட்டுக் கதைதான். ஆனால் முடிவில் மட்டக்களப்புக்கும் வர வேண்டியிருக்கும்.

நடந்து நடந்து வரைந்த காலம்

ஓபன்ஸ்ட்ரீட்மேப் 2004 ஓகஸ்ட்டில் இங்கிலாந்தில் தொடங்கியது. தொடங்கியவர் ஸ்டீவ் கோஸ்ட், அப்போது லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஒரு மாணவர். அங்கே ஓர்ட்னன்ஸ் சேர்வே என்ற அரச நில அளவை நிறுவனம் 1791இல் இருந்து இயங்கி வருகிறது. அதன் வரைபடங்கள் மிகத் துல்லியமானவை. ஆனால் அப்போது அந்தத் தரவைப் பயன்படுத்தக் காசு கட்ட வேண்டியிருந்தது, அனுமதி எடுக்க வேண்டியிருந்தது. மக்கள் தங்கட வரிப்பணத்தில் உருவான வரைபடத்தைத் திரும்பவும் காசு கொடுத்து வாங்கும் நிலை. 'அப்படியென்றால் நாங்களே வரைவோம்' என்பதுதான் திட்டத்தின் அடிப்படை.

எப்படி வரைந்தார்கள்? கையில் ஒரு ஜிபிஎஸ் கருவியை வைத்துக்கொண்டு நடந்தார்கள், சைக்கிள் ஓடினார்கள். கருவி பதிந்த தடத்தைக் கணினியில் ஏற்றி, அதன் மேல் கோடு இழுத்து, தெருப்பெயரை எழுதினார்கள். 2006 மே மாதத்தில் ஏறத்தாழ 40 பேர் வைட் தீவுக்குப் போய், ஒரு வார இறுதியில் அந்தத் தீவை வரைய முயன்றார்கள். 'மேப்பிங் பார்ட்டி' என்ற பழக்கம் அங்கேதான் வேர்விட்டது. பகலில் ஆளுக்கொரு துண்டு நிலம், பின்னேரம் எல்லாரும் ஒன்றுகூடிக் கதைப்பது. வரைபடத்தோடு சேர்த்து ஒரு கூட்டமும் உருவானது. இது பின்னால் முக்கியமாக வரப்போகிறது, மனதில் வைத்திருங்கோ.

இந்த முறையில் ஒரு பிரச்சினை இருந்தது. உலகம் பெரிது. இங்கிலாந்திலும் ஜெர்மனியிலும் ஆட்கள் இருந்தார்கள். மற்ற இடங்களில் வெறும் வெள்ளைத் திரைதான்.

முதல் பெரிய கொடை

2007இல் ஏஎன்டி என்ற டச்சுக் கம்பனி, நெதர்லாந்தின் முழு வீதித் தரவையும் இந்தியா, சீனா ஆகிய நாடுகளின் பிரதான வீதித் தரவையும் ஓபன்ஸ்ட்ரீட்மேப்புக்கு இலவசமாகக் கொடுத்தது. வாகன வழிகாட்டிக் கருவிகளுக்காகத் தயாரிக்கப்பட்ட தரவு அது. அந்த வருடத்திலேயே நெதர்லாந்து வீதிகள் ஏற்றப்பட்டன. நடந்து வரைந்தால் பல வருடம் எடுக்கும் வேலை சில மாதங்களில் முடிந்தது. நாடு சிறியது, தரவு நல்லது, அதைப் பார்த்துத் திருத்த அங்கே ஆட்களும் இருந்தார்கள். இந்த மூன்றும் சேர்ந்ததால் அது ஓரளவு நன்றாக முடிந்தது.

மூன்றில் இரண்டு இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதை அமெரிக்கா காட்டியது.

டைகர்

டைகர் என்பது அமெரிக்கக் குடிசன மதிப்பீட்டுப் பணியகத்தின் வீதித் தரவுத் தொகுப்பு. 1990ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புக்காக உருவாக்கப்பட்டது. அமெரிக்கக் கூட்டரசு தயாரிக்கும் தரவுக்குப் பதிப்புரிமை கிடையாது, ஆர் வேண்டுமானாலும் எடுக்கலாம். ஓர்ட்னன்ஸ் சேர்வேயோடு மல்லுக்கட்டிய ஆட்களுக்கு இது புதையல் மாதிரி.

முதலில் ஒரு முயற்சி நடந்து, தரவில் கோளாறுகள் இருந்ததால் கைவிடப்பட்டது. பிறகு டேவ் ஹான்சன் என்ற நிரலாளர் பொறுப்பெடுத்து, 2007இல் தொடங்கி 2008இன் தொடக்கத்துக்குள், மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கவுண்டிகளை ஒவ்வொன்றாக ஏற்றி முடித்தார். வெள்ளைத் திரையாக இருந்த ஒரு கண்டம் சில மாதங்களில் வீதிகளால் நிறைந்தது.

பிறகுதான் உள்ளே பார்த்தார்கள்.

குடிசனக் கணக்கெடுப்பாளருக்கு என்ன தேவை என்று யோசித்துப் பாருங்கோ. இந்த வீடு றோட்டுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா? இந்தத் துண்டு எந்தத் தெருக்களுக்கு நடுவில் இருக்கிறது? அவருக்கு இது தெரிந்தால் போதும், ஒரே வீட்டை இரண்டு தடவை எண்ணாமல் விடலாம். றோட்டு உண்மையான இடத்தில் இருந்து ஐம்பது மீற்றர் தள்ளி இருந்தாலும் அவருடைய வேலை கெடாது. டைகர் அப்படிப்பட்ட வேலைக்காக, கிராமப்புறங்களில் 1:1,00,000 அளவுத் திட்ட வரைபடங்களில் இருந்து எடுக்கப்பட்டது. அந்த வேலைக்கு அது பிழையான தரவே இல்லை. வழி காட்டும் வரைபடத்துக்குள் கொண்டுவந்தபோதுதான் அது பிழையாக மாறியது.

மூன்று உதாரணம் சொல்கிறேன்.

ஒன்று, வீதி வகை. டைகரில் உள்ளூர் வீதி எல்லாவற்றுக்கும் ஒரே குறியீடுதான். ஏற்றிய நிரல் அதை அப்படியே 'குடியிருப்பு வீதி' என்று மொழிமாற்றியது. நகரத்தில் அது சரி. கிராமத்தில் தோட்டத்துக்குப் போகும் பாதை, காட்டுத்தடம், ஒரு வீட்டு முற்றத்து வழி எல்லாமே குடியிருப்பு வீதியாகிவிட்டன.

இரண்டு, பாலங்கள். கணக்கெடுப்பாளரைப் பொறுத்தவரை இரண்டு கோடுகள் வெட்டுகின்றன என்றால் வெட்டுகின்றன, ஒன்று மேலே போகிறதா கீழே போகிறதா என்பது தேவையில்லை. அதனால் டைகரில் மேம்பாலமும் கீழே போகும் நெடுஞ்சாலையும் ஒரு புள்ளியில் சந்தித்தன. வழிகாட்டும் மென்பொருள் அதை நாற்சந்தி என்று நினைத்து, பாலத்தின் நடுவில் வைத்து இடது பக்கம் திரும்பச் சொல்லும்!

மூன்று, எல்லைகள். தரவு கவுண்டி கவுண்டியாக வந்ததால், இரண்டு கவுண்டிக்கு நடுவில் போகும் றோட்டு இரண்டு தடவை வந்தது. எல்லையைத் தாண்டிப் போகும் றோட்டு சில இடங்களில் எல்லையிலேயே அறுந்து நின்றது. பார்க்கும்போது ஒட்டியிருப்பது மாதிரித்தான் தெரியும், கணினிக்கு அது முட்டுச்சந்து.

இதையெல்லாம் விடப் பெரிய பிரச்சினை ஒன்று பிறகு வந்தது. 2010ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பை முன்னிட்டு, பணியகம் தன்னுடைய டைகர் தரவைத் தானே திருத்தியது. கோடுகள் நிலத்தில் இருக்கும் இடத்துக்கு நன்றாகக் கிட்ட வந்தன. அப்ப புதிய டைகரைத் திரும்ப ஏற்றினால் முடிந்தது தானே? முடியாது. அதற்கிடையில் ஆயிரக்கணக்கான தொண்டர்கள் பழைய கோடுகளைக் கையால் திருத்தியிருந்தார்கள். ஒரு இடத்தில் றோட்டை நகர்த்தியிருப்பார்கள், இன்னோரிடத்தில் பெயரை மாற்றி, பாலத்தைப் பிரித்திருப்பார்கள். புதியதை மேலே கொட்டினால் அந்த உழைப்பு எல்லாம் அழியும். கொட்டாவிட்டால் தொடாத இடங்கள் பழைய பிழையோடு கிடக்கும். ஒருமுறை கலந்துவிட்ட தரவைப் பிறகு பிரித்தெடுக்க முடியவில்லை.

கடைசியில் கண்டுபிடித்த வழி அடக்கமானது. புதிய டைகரைத் தரவுக்குள் ஏற்றாமல், தொகுக்கும் கருவியில் பின்னணிப் படலமாக மட்டும் காட்டினார்கள். திருத்துபவர் பழைய கோட்டையும் புதிய கோட்டையும் செய்மதிப் படத்தையும் ஒன்றாகப் பார்த்துத் தானே தீர்மானிக்கலாம். கணினி ஒரு யோசனை சொல்லும், கையெழுத்து மனிதருடையது.

ஆட்கள் இல்லாத வரைபடம்

டைகரைப் பற்றிய சண்டை இன்னும் முடியவில்லை. ஒரு பக்கம் சொல்வது: ஜெர்மனியில் பெரிய வீதி இறக்குமதி எதுவும் இல்லாமல் ஆட்களே வரைந்தார்கள், அதனால் அங்கே பலமான சமூகம் வளர்ந்தது. வெள்ளைத் திரையைப் பார்க்கும் ஒருத்தருக்கு 'என்ர தெரு இல்லையே, நானே போடுவம்' என்று தோன்றும். ஏற்கெனவே நிறைந்திருக்கும் வரைபடத்தைப் பார்ப்பவர் 'வேலை முடிந்துவிட்டது' என்று மூடிவிட்டுப் போவார். மொத்த இறக்குமதி வரைபடத்தைக் கொடுத்து, அதைப் பராமரிக்க வேண்டிய கூட்டத்தைக் கொன்றுவிடுகிறது.

மற்றப் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. அமெரிக்கா மாதிரி ஒரு பரந்த நாட்டை, ஆள் நடமாட்டம் குறைந்த மாநிலங்களோடு சேர்த்து, நடந்து வரைந்து முடிக்க எத்தனை காலம்? 2012இல் ஃபோர்ஸ்குவெயார் கூகிள் மேப்ஸை விட்டு ஓபன்ஸ்ட்ரீட்மேப் தரவுக்கு மாறியது. அமெரிக்கா வெள்ளையாக இருந்திருந்தால் அது நடந்திருக்காது. ஒரு பிழையான கோட்டைத் திருத்துவது, ஒன்றுமில்லாத இடத்தில் கோடு போடுவதைவிட லேசு என்று சொல்பவர்களும் உண்டு.

எனக்கு இரண்டும் பாதிப் பாதி உண்மை மாதிரித்தான் படுகிறது. நெதர்லாந்தில் ஏஎன்டி இறக்குமதிக்குப் பிறகும் சமூகம் சாகவில்லை. 2014இல் அவர்களே திட்டம் போட்டு, அரசின் கட்டடங்கள், முகவரிகள் பதிவேட்டையும் கொண்டுவந்தார்கள். இரண்டு நாட்டுக்கும் வித்தியாசம், வந்த தரவைப் பொறுப்பெடுக்க ஆட்கள் இருந்தார்களா என்பதில்தான் இருக்கிறது.

விதிகள் எழுதப்பட்ட விதம்

டைகர் ஏற்றப்பட்ட காலத்தில் ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் 'மாற்றத்தொகுதி' என்ற ஒன்றே இருக்கவில்லை. ஒருவர் ஒரே தடவையில் செய்த மாற்றங்களை ஒரு கட்டாகக் கட்டி, 'இதை இதற்காகச் செய்தேன்' என்று குறிப்பு எழுதும் வசதி 2009 ஏப்ரலில்தான் வந்தது. அதற்குப் பிறகுதான் பிழையான ஒரு கட்டை அப்படியே அவிழ்த்துத் திருப்புவது ஓரளவு சாத்தியமானது.

அதோடு இறக்குமதிக்கான நெறிமுறைகளும் கொஞ்சம் கொஞ்சமாக எழுதப்பட்டன. தரவின் உரிமம் பொருந்துகிறதா என்று பார். திட்டத்தைப் பொதுவில் எழுதி வை. அந்த ஊர் ஆட்களிடம் முதலில் கேள். இறக்குமதிக்கென்று தனிக் கணக்கு வைத்துக்கொள். சிறிது சிறிதாக ஏற்று. ஏற்றிய பிறகு சரிபார். மீறினால் தரவுப் பணிக்குழு முழுவதையும் திருப்பிவிடலாம். புதிதாக வருபவர்கள் 'இது என்ன, அரச கந்தோர் மாதிரி' என்று சலித்துக்கொள்வார்கள். ஆனால் ஒவ்வொரு விதிக்குப் பின்னாலும் ஒரு பழைய காயம் இருக்கிறது.

உரிமத்தை எடுங்கோ. 2012 செப்டெம்பரில் ஓபன்ஸ்ட்ரீட்மேப் தன் உரிமத்தை மாற்றியது. ஒத்துக்கொள்ளாதவர்களின் பங்களிப்பும், பொருந்தாத உரிமத்தில் இருந்து வந்த தரவும் அதற்கு முன் நீக்கப்பட்டன. ஆஸ்திரேலியாவும் போலந்தும் நிறைய இழந்தன. பல வருடமாகத் திரையில் இருந்த வீதிகள் ஒரு நாள் காணாமல் போயின. இது எங்கேயிருந்து வந்தது, ஆர் அனுமதி தந்தது என்று தொடக்கத்திலேயே எழுதி வைப்பது ஏன் முக்கியம் என்று அப்ப எல்லாருக்கும் விளங்கியது.

சின்னச் சதுரங்கள்

இறக்குமதியை எளிதாக்கிய உண்மையான கண்டுபிடிப்பு, எனக்குப் பட்ட வரையில், ஒரு பேரிடருக்குப் பிறகு வந்தது. 2010 ஜனவரி 12 அன்று ஹெயிட்டியில் நிலநடுக்கம். போர்ட்-ஓ-பிரின்ஸ் நகரத்துக்கு ஒழுங்கான திறந்த வரைபடம் இல்லை. உலகம் முழுவதும் இருந்து நூற்றுக்கணக்கானோர் செய்மதிப் படங்களைப் பார்த்து நாட்கணக்கில் வரைந்தார்கள். வேலை வேகமாக நடந்தது, ஆனால் ஒரே இடத்தைப் பலர் வரைந்து ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டார்கள்.

அந்த அனுபவத்தில் இருந்துதான், அந்த வருடம் உருவான ஹொட் என்ற மனிதாபிமான வரைபடக் குழு, பணிப்பங்கீட்டுக் கருவி ஒன்றைக் கொண்டுவந்தது. வரைய வேண்டிய நிலத்தைச் சின்னச் சதுரங்களாகப் பிரிக்கும். நீங்கள் ஒன்றை எடுத்தால் அது உங்களுக்காகப் பூட்டப்படும். முடித்ததும் இன்னொருவர் வந்து சரிபார்ப்பார். வேறொன்றுமில்லை. வயலைப் பாத்தி பிரித்து ஆளுக்கொன்றாகக் கொத்துவது மாதிரி.

பிறகு இதே யோசனை இறக்குமதிக்கும் வந்தது. நியூயோர்க் நகரம் 2012இல் திறந்த தரவுச் சட்டம் கொண்டுவந்து, கட்டடங்களையும் முகவரிகளையும் வெளியிட்டது. 2013–14இல் உள்ளூர்த் தொண்டர்களும் மேப்பொக்ஸ் கம்பனியின் ஆட்களும் சேர்ந்து, பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டடங்களை ஏற்றினார்கள். டைகர் மாதிரி ஒரு நிரலை ஓடவிட்டு அல்ல. நகரத்தை வாக்களிப்புப் பிரிவுகளாகத் துண்டாக்கி, ஒவ்வொரு துண்டையும் ஒருவர் திறந்து, ஏற்கெனவே வரைந்திருப்பதோடு ஒப்பிட்டு, பொருத்தி, பிறகு ஏற்றினார்கள். நடுவில் வேலை நின்றது, விமர்சனம் வந்தது, முறையைத் திருத்தினார்கள். ஏற்றிய பிறகு தொண்டர்கள் செய்யும் மாற்றங்கள் நகர நிர்வாகத்துக்குத் தெரியவரும் ஏற்பாடும் இருந்தது. கொடுத்தவரே திரும்பவும் படிக்கிறார்!

கடைசிக் கட்டம் இயந்திரம். 2018இல் மைக்ரோசொஃப்ட், செய்மதிப் படங்களில் இருந்து இயந்திரம் கண்டுபிடித்த சுமார் 12.5 கோடி அமெரிக்கக் கட்டட உருவங்களைத் திறந்த உரிமத்தில் வெளியிட்டது. 2019இல் பேஸ்புக் 'ரப்பிட்' என்ற தொகுப்புக் கருவியை வெளியிட்டது. இயந்திரம் ஊகித்த வீதிகள் அதில் ஊதா கலந்த இளஞ்சிவப்பு நிறத்தில் தெரியும். நீங்கள் ஒன்றைத் தெரிவு செய்து, பார்த்து, சரியென்றால் சேர்க்கலாம். தரவு வந்து குவியாமல், வாசலில் நின்று காத்திருக்கிறது. ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. சேர்ப்பது இவ்வளவு லேசானால், பார்க்காமலே சேர்ப்பதும் அவ்வளவு லேசு.

மட்டக்களப்பு

2012 இறுதியில் உலக வங்கியின் முன்னெடுப்பில் டாக்கா, காத்மண்டு, மட்டக்களப்பு ஆகிய மூன்று நகரங்களில் திறந்த வரைபட வேலை தொடங்கியது. 2004 சுனாமி அடித்த கரை, அடிக்கடி வெள்ளம் வரும் வாவிக்கரை. மட்டக்களப்பில் மண்முனை வடக்குப் பிரதேச செயலர் பிரிவில், எங்கட அனர்த்த முகாமைத்துவ நிலையத்தோடும் ஹொட் குழுவோடும் சேர்ந்து சுமார் 30,000 கட்டடங்கள் பதியப்பட்டன. உருவத்தைச் செய்மதிப் படத்தில் இருந்து வரையலாம். ஆனால் எத்தனை மாடி, சுவர் எதனால் கட்டியது, கூரை ஓடா, தகரமா, உள்ளே வீடா, கடையா, பள்ளிக்கூடமா என்பதை வானத்தில் இருந்து பார்க்க முடியாது. தெருவில் இறங்கித்தான் ஆக வேண்டும். வெள்ளம் வந்தால் ஆர் வீடு முதலில் போகும் என்ற கேள்விக்கு விடை அந்தத் தகவலில்தான் இருக்கிறது.

இனி எங்கட பக்கத்தில் இன்னும் நிறைய வரும். இயந்திரம் வரைந்த கட்டடங்கள், வீதிகள், எங்கேயோ தொகுத்த இடப்பெயர்ப் பட்டியல்கள். கோடு பிழைத்தால் திருத்தலாம். பெயர் பிழைத்தால்? ஒரே இடம் மட்டக்களப்பு, மடகலபுவ, பட்டிக்கலோவ என்று மூன்று மொழியில் இருக்கும் நாடு இது. ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் ஒவ்வொரு மொழிப் பெயருக்கும் தனி இடம் உண்டு. ஆனால் பட்டியல் ஒரு மொழியில் மட்டும் வந்து, ஒரே இரவில் ஆயிரம் ஊருக்கு ஏற்றப்பட்டால், மற்ற இரண்டு இடமும் வெறுமையாகத்தான் கிடக்கும். குளத்துக்கும் ஒழுங்கைக்கும் ஊர்ச்சனம் சொல்லும் பெயர் எந்தப் பட்டியலிலும் இருக்காது. அதைக் கேட்டு எழுத ஒருவர் வேண்டும்.

இருபது வருடத்தில் இந்தச் சமூகம் ஏற்றும் வேலையை எளிதாக்கியது, பிரிக்கும் வேலையை எளிதாக்கியது, தெரிவு செய்யும் வேலையையும் எளிதாக்கியது. அவ்வளவும் நல்லதுதான். ஊர் ஆட்களிடம் கேட்கும் வேலையை மட்டும் எளிதாக்க முடியவில்லை. அதை விட்டுவிட்டுப் போனால் என்ன நடக்கும் என்பதற்கு அமெரிக்கக் காட்டுக்குள் போகும் அந்தக் 'குடியிருப்பு வீதி' சாட்சி.

இன்றைக்கு நேரம் கிடைத்தால் உங்கட ஊரைத் திறந்து, உங்கட ஒழுங்கையின் கோட்டைக் கிளிக் பண்ணிப் பாருங்கோ. அதை எந்தக் கணக்கு, எப்ப போட்டது, எத்தனை தடவை திருத்தியது என்ற வரலாறு முழுக்க அங்கே இருக்கும். ஒருமுறை போட்டதோடு சரி, பிறகு ஒருவரும் தொடவில்லை என்றால், அடுத்த ஆள் நீங்கள்தான். பெயரைத் தமிழில் எழுதிவிட்டு வாங்கோ.